லாரி மாற்றும் பொத்தான்

லாரி புக்கிங் மென்பொருளின் மெனுவை மஹீன் நான்காவது முறையாக அடுக்கி முடித்திருந்தாள். முதல் திரையில் முப்பத்தோரு பொத்தான்கள் இறைந்து கிடந்த இடத்தில் இப்போது ஐந்தே டேப்கள். சேலம் சூரமங்கலத்திலிருந்த அவளுடைய சின்ன அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். அதை வாங்கிய சங்ககிரி லாரி புக்கிங் ஆபீசிலிருந்து மட்டும் மூன்று நாளாக ஓயாமல் போன். கடைசியில் பஸ் ஏறி நேரிலேயே போய்விட்டாள்.

அங்கே கணினியில் வேலை பார்ப்பவள் அறிவுச்செல்வி. தோளில் போனை இடுக்கிக்கொண்டே, "பக்கத்துல உக்காருங்க. நான் படற பாட்டை நீங்களே பாருங்க" என்றாள்.

போனில் ஒரு டிரைவர். குமாரபாளையத்துக்குப் பக்கத்தில் ஆக்சில் உடைந்து நிற்கிறாராம். சரக்கு வேறு லாரியில் போக வேண்டும். அறிவுச்செல்வி முதல் டேபைத் திறந்தாள், மூடினாள். இரண்டாவதையும் அப்படியே.

"ஏனுங்க, லாரிய எங்கிங்க மாத்தறது?"

"மூணாவது டேப்ல 'திருத்தம்'. அதுக்குள்ள 'மற்றவை'. அதுக்குள்ள..." சொல்லும்போதே மஹீனுக்குக் குரல் இறங்கியது. "எப்பவாவது வர்ற வேலைன்னு நெனச்சேங்க."

"தெனமும் இருவது தடவைங்க. டயர் வெடிக்கும். டிரைவர் ஊட்டுல விசேசம்னு போயிருவாரு. என் வேலையே இதுதானுங்க."

முதலாளி சின்னுசாமி சொன்ன பட்டியலை மட்டும் வைத்து மஹீன் மெனு போட்டிருந்தாள். இந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்று கேட்கவே இல்லை. தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, அந்தப் பொத்தானை முதல் திரைக்குக் கொண்டுவந்தாள். அடுத்த போனுக்கு அறிவுச்செல்வி ஒரே தட்டில் வேலையை முடித்தாள்.

அப்போதுதான் சின்னுசாமி உள்ளே வந்தார். திரையை எட்டிப் பார்த்தார்.

"இத மட்டும் வெளிய வெச்சா எப்புடிங்க? மத்ததையும் வெச்சுருங்க. வாங்குனது அத்தனையும் கண்ணுக்குத் தெரியோணுமல்ல?"

"அவங்களால தேட முடியாம போயிரும் சார். உங்களுக்கு வேணா தனித் திரை போட்டுத் தரேன்."

"ஆபீஸ்னா எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இருக்கோணுமுங்க."

அரைமணி நேரம் மஹீன் பேசிப் பார்த்தாள். அவர் தலையைத் தலையை ஆட்டிவிட்டு அதையே திரும்பச் சொன்னார். அறிவுச்செல்வி அடுத்த போனை எடுத்தாள். முப்பத்தொன்றும் பழையபடி வந்து உட்கார்ந்தன. லாரி மாற்றும் பொத்தானை முதல் வரிசையில் முதலாவதாக வைக்க மட்டும்தான் மஹீனால் முடிந்தது.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. சேலம் வரை நின்றபடியே, அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.