அரசர் கொடுத்த சிலுவை

சிலுவையின் விளிம்பு சிவப்பா வெள்ளையா என்பதில் எனக்கு இப்போது உறுதியில்லை. அன்று யார் முதலில் பேசினார் என்பதிலும் சந்தேகம்தான். பேசாமல் இருந்த நேரங்கள் மட்டும் நன்றாக நினைவிருக்கின்றன.

குணரத்தினம் ஐயாவின் வீடு ஏவன்டேல் புறநகரில் என் யூனிட்டுக்கு அடுத்தது. அவரிடம் புத்தகங்கள் வாங்கிப் படிப்பேன். ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து படித்துவிட்டு, ஒரு வார்த்தை இல்லாமல் எழுந்து வந்ததுண்டு. வட ஐரோப்பாவில் ஒரு நாட்டின் அகதி அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஓய்வு பெற்று இந்த ஊருக்கு வருமுன் அந்நாட்டு அரசர் அவருக்கு 'நைட்' விருதுக்கான சிலுவைப் பதக்கம் கொடுத்தார். எனாமல் பூசிய சிலுவை, மேலே சிறு கிரீடம், நெஞ்சின் இடப்பக்கம் குத்திக்கொள்ள ஒரு பட்டு நாடா. பொங்கல் விழாவுக்கு அதை அணிந்து வரும்படி தமிழ்ச் சங்கத்தில் கேட்டிருந்தார்கள்.

விரி என்ற புறநகரில் என்னோடு கிடங்கில் வேலை செய்யும் விதுஷனை ஐயா வீட்டுக்கு அழைத்துப் போனது நான்தான். அவன் அண்ணன் வெற்றி அதே நாட்டில் பதினான்கு வருடங்களாக விசா இல்லாமல் இருந்தான். இந்தியன் என்று முடிவுகட்டி, சென்னைக்கு அனுப்ப நாள் குறித்திருந்தார்கள். ஐயா ஏதாவது வழி சொல்வார் என்று நினைத்தேன்.

விதுஷன் வாயைத் திறந்ததுமே ஐயா கேட்டார். "தம்பி இந்தியாவோ?"

"இல்லைங்கய்யா. பொறந்தது கிளிநொச்சி. கைக்குழந்தையா வந்து, அண்ணனோட மண்டபம் அகதி முகாம்ல வளந்தேன்."

தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி உஷா ஆன்ட்டி சிரித்தார். "இவரிட்டக் கவனமாக் கதையுங்கோ. ஊரைக் கண்டுபிடிச்சுப்போடுவார்."

"அதுதானே என்ர வேலை." ஐயா சிலுவைப் பெட்டியை விதுஷனிடம் நீட்டினார். "அகதியெண்டு வாறவன் இலங்கையனோ இல்லையோ எண்டு பேச்சை வைச்சு எழுதிக் குடுக்கோணும். அஞ்சு நிமிசம் காணும். எத்தனை கள்ளரைப் பிடிச்சிருப்பன்! அறிக்கையில பேர் போடமாட்டினம், இலக்கம்தான். நான் நாப்பத்தியொண்டு."

விதுஷன் பெட்டியை மூடினான். மேசைமேல் மெதுவாக வைத்தான். வெளியே ரயில் ஒன்று வந்து நின்று, புறப்பட்டுப் போனது. பிறகு அவன் போனில் அண்ணனைப் பற்றிய அறிக்கையின் படத்தைக் காட்டினான். 'விண்ணப்பதாரர் பேசுவது இந்தியத் தமிழ். இலங்கையர் அல்லர்.' கீழே 41.

"எங்கண்ணனுக்கும் அஞ்சு நிமிஷந்தான் ஆச்சாம்," என்றான். "தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கய்யா. வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. அதை வச்சு வக்கீல் நிறுத்திடுவார்."

ஐயாவின் கை பெட்டியின் மேல் இருந்தது.

"ஒண்டைப் பிழையெண்டு எழுதினா மற்றதெல்லாத்தையும் கிண்டுவினம். இதையும் திருப்பிக் கேப்பினம்."

"கேக்கட்டுமே."

"யோசிச்சுச் சொல்லுறன்."

திங்களும் செவ்வாயும் அந்த வீட்டுத் திரைச்சீலை விலகவில்லை. புதன்கிழமை போய்க் கதவைத் தட்டினேன். உஷா ஆன்ட்டி பாதி திறந்தார்.

"தாளை முன்னுக்கு வைச்சுக்கொண்டு இருக்கிறார் தம்பி. பேனையைத் திறக்கேல்லை."

அவர் தோளுக்குப் பின்னால் ஐயா தெரிந்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுதுங்கள் என்று மட்டும். எங்களுக்குள் பேசாமலிருப்பதே வழக்கமாகியிருந்தது. அப்படியே சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

வியாழக்கிழமை கழிந்தது.

வெற்றியைச் சென்னைக்கு விமானம் ஏற்றினார்கள். இந்தியன் இல்லை என்று அங்கே தடுத்து, ஒரு சிறப்பு முகாமில் வைத்திருக்கிறார்கள். விதுஷன் விரி வேலையை விட்டுக் கிறைஸ்ட்சர்ச்சுக்குப் போய்விட்டான். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. குணரத்தினம் ஐயா பொங்கல் மேடையில் சிலுவை அணிந்து நின்றார். மார்ச் மாதம் மாரடைப்பில் இறந்தார். உஷா ஆன்ட்டி மகள் பிரணவியின் வீட்டில் இருக்கிறார். நான் அதே யூனிட்டில்தான் இருக்கிறேன்.