ஓரா முள்

...முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு மணிக்கட்டை மட்டும் அசைக்க வேண்டும், சொல்லிவிட்டேன், பதினோரு வருஷமாகக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிறதுதான், ஆனால் இன்றைக்குச் சொல்லும்போது அடியில் தண்ணீர் இருக்கிறது, ரப்பர் படகு தூங்குகிறவன் வயிறு மாதிரி ஏறி இறங்குகிறது, எதிரே ஈசா அர்பாப், துபாய் தெய்ராவில் நான் வேலை பார்க்கிற தூண்டில் கடையின் முதலாளி, எனக்கு விசா கொடுத்த கபீல், அறுபத்திரண்டு வயதில் கந்தூரா அங்கிக்கு மேலே ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு தூண்டில் கம்பை இரண்டு கையாலும் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்... வெள்ளிக்கிழமை காலை, மம்சார் காயல், அக்கரையில் ஷார்ஜா கட்டடங்கள் வெயிலில் பாதி கரைந்து நிற்கின்றன. என் சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் சம்பள சர்டிஃபிகேட். பல மாதமாக அப்புறம் அப்புறம் என்று தள்ளுகிற அர்பாப் அதில் கையெழுத்துப் போட்டால் ஜுலைஹாவுக்கு விசா, ஊரில் இருக்கிற என் பெண்டாட்டி இங்கே வந்து என்னோடு இருக்கலாம். போடாவிட்டால்... நேற்றுக்கூட போனில், "மச்சான், கையெழுத்து வாங்கிட்டியளா?" என்றாள். வெள்ளிக்கிழமை வாங்கிடுவேன் என்றேன். "எந்த வருஷத்து வெள்ளிக்கிழமை?" கிண்டலா, கோபமா, முகம் தெரியாமல் எப்படிக் கண்டுபிடிப்பது...

"சித்தீக், தூங்கிட்டியா? மீன் எங்கே?" அரபி பாதி இந்தி பாதியாகத்தான் பேசிக்கொள்வோம், என் காதில் எல்லாம் தமிழாகவே விழுந்து பழகிவிட்டது. "இழுக்காதீங்க அர்பாப், தண்ணி போற வேகத்துக்கு இரையை விடுங்க, ஆத்துலயும் இதேதான்." ஆறு... அடுத்த மாதம் அமெரிக்காவில் படிக்கிற மகன் யஹ்யாவோடு அவர் மூன்று நாள் ஆற்றில் படகில் போகிறார், பனி உருகி வருகிற ஆறாம், ட்ரவுட், ஸ்டீல்ஹெட் பிடிக்கிறார்களாம். தூண்டில் கடைக்காரனுக்குத் தூண்டில் போடத் தெரியாதா என்று மகன் சிரித்துவிடக் கூடாது, அதற்குத்தான் இந்தப் பாடம். ஸ்டீல்ஹெட் என்றால் வேறு மீனா என்று கேட்டார். அதுவும் ட்ரவுட்தான் அர்பாப், கடலுக்குப் போய் நாலு வருஷம் இருந்துட்டு திரும்பி வந்தா பெரிசாயிடும், பேரும் மாறிடும் என்றேன். "உன்னை மாதிரி" என்று என் வயிற்றைக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் செய்தியும் புத்தகத்தில் படித்ததுதான். எல்லாமே தூண்டில் அட்டைக்குப் பின்னால் படித்தது, கேட்டலாக்கில் படித்தது, வாங்கிப்போனவர்கள் திரும்பி வந்து சொன்னது. நான் ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று கீழக்கரை என்றேன், கடற்கரையா, அப்ப மீன்காரன் மகனா என்று அவராகவே கேட்டார், ஆமாம் என்று சொன்னால் வேலை, சொல்லிவிட்டேன். வாப்பாவுக்குத் துணிக்கடை. ஒரு ஆமாம், அதை வைத்துப் பதினோரு வருஷம் ஓட்டியாகிவிட்டது, இன்றைக்கு மட்டும் தாங்கிவிட்டால் போதும், மீன் எதுவும் மாட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது, யா அல்லாஹ்...

மாட்டிவிட்டது. கம்பு வளைகிறது, அர்பாப் எழுந்து நிற்கப் பார்க்கிறார், படகில் நிற்கக் கூடாது, உட்காருங்க உட்காருங்க, மெதுவா சுத்துங்க... உள்ளங்கை அகல மீன், பச்சையும் பழுப்புமாக வெயிலில் மின்னிக்கொண்டு மேலே வருகிறது. ஸாஃபி, ஸாஃபி என்று அவர் கத்துகிறார். ஊரில் ஓரா என்போம், குழம்பில்தான் பார்த்திருக்கிறேன். "பிடி, யல்லா!" புத்தகம் சொன்ன மாதிரியே கையை முதலில் தண்ணீரில் நனைத்தேன், வயிற்றுக்கு அடியில் விரல் கொடுத்து, மேலே கட்டைவிரலை வைத்து, மென்மையாக... நெருப்பு. முதுகு முள் ஏறி, கட்டைவிரலிலிருந்து தோள்வரை ஒரு நெருப்பு. மீன் நழுவி, கொக்கியும் கழன்று, தண்ணீருக்குள் போய்விட்டது.

அர்பாப் கம்பைக் கீழே வைத்தார். பிளாஸ்க்கைத் திறந்து, ஆவி பறக்கிற சுலைமானி டீயை என் கைமேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். சூட்டுக்கு விஷம் இறங்கும் என்றார். இறங்கவும் செய்தது. பிறகு மெதுவாக, "மீன்காரன் மகன் ஸாஃபியை வெறுங்கையால பிடிக்க மாட்டான்" என்றார். காயல் அப்படியே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. "உன் வாப்பா என்ன தொழில்?" கலாஸ், எல்லாம் முடிந்தது... "துணிக்கடை, அர்பாப்." என்னையே பார்த்தார். லைஃப் ஜாக்கெட் குலுங்க ஆரம்பித்தது, சிரிக்கிறார், "பதினோரு வருஷம்! துபாய்க்காரன் எல்லாம் துணிக்கடைக்காரன்கிட்ட தூண்டில் கத்துக்கிட்டிருக்கான்!" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவர், யஹ்யாகிட்ட சொல்லிடாதே என்றார். அப்புறம் கையை நீட்டினார். "அந்தப் பேப்பர் எங்கே?" முழங்கால்மேல் வைத்து, டீ ஈரத்தில் மை கொஞ்சம் பரவ, கையெழுத்துப் போட்டார். உறையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உன் பீவிக்காவது நீ யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார், விளையாட்டாகத்தான்.

தெரியும் அர்பாப் என்றேன். தெரியுமா... ஆமாம் என்று சொல்வதுதான் எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது. துடுப்பை இடது கையால் போடுகிறேன், வலது கை இன்னும் துடிக்கிறது, படகு கரையைப் பார்த்துப் போகிறதா, கரை எங்களைப் பார்த்து வருகிறதா... கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு, லீவு முழுக்க விருந்து, மையத்து வீட்டுத் துக்கம், வழியனுப்பல். மற்ற நாளெல்லாம் போனில், உடம்பு நல்லாருக்கா, உம்மா சாப்பிட்டாங்களா, வைச்சிரவா... இப்போது அவள் வரப்போகிறாள், கராமாவில் ஒரு அறை, ஒரு அடுப்பு, காலையில் எழுந்தால் எதிரே அவள். ஒரு வெள்ளிக்கிழமை இங்கே கூட்டிவந்து இந்தப் படகில் உட்காரவைக்க வேண்டும், இந்தத் தண்ணீரைக் காட்ட வேண்டும். உட்காருவாளா? கடற்கரை ஊரில் பிறந்தவள், உட்காராமல் என்ன, என்று நினைக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது, அர்பாப்பும் அப்படித்தானே நினைத்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒருநாள்கூடக் கடலுக்குப் போனதில்லை. ஜுலைஹாவுக்குத் தண்ணீர் என்றால் பயமா? இன்றைக்குப் போனில் கேட்டுவிடலாம்... எப்படிக் கேட்பது...