டி.சி. வாங்கிப் போன பெண்

மாமல்லபுரத்துக் கடலோர ஓட்டல் ஒன்றின் ரிசப்ஷனில் நின்று பழகிய வரலட்சுமிக்கு, செங்கல்பட்டில் கல்லூரி அலுவலக வேலை கிடைத்தபோது முதலில் கண்ணை உறுத்தியது அந்த ஜன்னல்தான். கம்பி வலை அடித்த ஜன்னல். வலையின் நடுவே ஒரு கை மட்டும் நுழையும் ஓட்டை. மாணவர்கள் வெளியே வெயிலில் நின்று, குனிந்து, அந்த ஓட்டையில் வாயை வைத்துப் பேசவேண்டும். உள்ளேயிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "நாளைக்கு வா."

எழுபத்து நாலாம் வருஷம் அது. கல்லூரி தொடங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. எந்தப் பாடம் எடுப்பது, பரீட்சைக்கு எப்படி மனுப் போடுவது, உபகாரச் சம்பளத்துக்கு யாரைப் பார்ப்பது என்றெல்லாம் மாணவர்களுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று பிரின்சிபால் கங்காதரன் நினைத்தார். நேர்முகத்துக்கு வந்தவர்களில் இவள்தான் சிரித்த முகத்தோடு பதில் சொன்னாள். எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஓட்டலில் அவள் படித்தது ரொம்ப எளிமையான பாடம். வந்தவர் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் "வாங்க" என்று சொல்லிவிட வேண்டும். தெரியாததை விசாரித்துச் சொல்லவேண்டும். ஒரே காரியத்துக்கு யாரையும் நாலு இடம் அலைய விடக்கூடாது. அவ்வளவுதான். இதைக் கல்லூரியில் செய்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்த மாத்திரத்தில் அவளுக்குப் பரபரப்புத் தாங்கவில்லை. பழைய சாமான் கிடந்த பக்கத்து அறையைப் பெருக்கித் துடைத்தாள். நாற்காலி போட்டாள். மூலையில் ஒரு மண்பானையில் தண்ணீர் வைத்தாள். கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, வருகிற முதல் ஆளுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமைக் குமாஸ்தா பூவராகவன் மூக்குக்கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, காலேஜா, ஓட்டலா? அப்படியே நாஸ்தாவும் போட்டுடு."

"அது ஒண்ணுதான் சார் பாக்கி" என்று சிரித்தாள் வரலட்சுமி.

முதலில் பயந்து பயந்து வந்தார்கள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்கள். ஒரு மாதத்துக்குள் கல்லூரி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அந்த அறைக்குப் போனால் காரியம் நடக்கிறது! பிழையாக விழுந்த பெயரைத் திருத்த ஒருத்தன், வரலாறா பொருளாதாரமா என்று குழம்பிக்கொண்டு ஒருத்தி. வரலட்சுமி எழுந்து நடப்பாள், ஆசிரியர் அறைக்கு ஓடுவாள், பூவராகவனின் மேஜை முன்னால் நின்று கையெழுத்து வாங்காமல் நகரமாட்டாள். மாலையில் கால் வலிக்கும். ஆனாலும் மறுநாள் எப்போது விடியும் என்றிருக்கும்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை வேண்டா வந்தாள். மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேட்டு மீனவக் குப்பத்துப் பெண். வரிசையாகப் பெண்ணாகப் பிறந்ததால் இது போதும் என்று சாமியிடம் சொல்லி வைத்த பெயர். பி.யூ.சி.யில் கணக்குப் பிரிவு. கதவருகே நின்றபடியே, "டி.சி. வேணும் மேடம்" என்றாள்.

"உட்காரும்மா. இன்னிக்கே வேணுமா?"

"இன்னிக்கே குடுப்பாங்களா?" என்று அந்தப் பெண் நம்பாமல் கேட்டாள். மாற்றுச் சான்றிதழுக்கு வாரக்கணக்கில் அலையவேண்டும் என்பது ஊரறிந்த விஷயம்.

அந்தக் கேள்வியே வரலட்சுமிக்குச் சவாலாகப் போயிற்று. நூலகத்துக்கு ஓடினாள், ஆய்வகத்துக்கு ஓடினாள், பாக்கி எதுவும் இல்லை என்று எழுதி வாங்கினாள். பூவராகவன் முனகிக்கொண்டே டி.சி.யை எழுதினார். பிரின்சிபால் வேறு ஏதோ வேலையாக இருந்தவர், படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். வேண்டா வந்து உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் சான்றிதழ் அவள் கையில் இருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. வரலட்சுமி அதைக் கவனிக்கவில்லை. இந்தக் கல்லூரியிலேயே இத்தனை வேகமாக யாரும் டி.சி. வாங்கியதில்லை என்ற சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே அந்தப் பெருமையைக் கணக்கு லெக்சரர் ஞானம்பாளிடம் சொன்னாள். ஞானம்பாளின் கை அப்படியே நின்றுவிட்டது.

"வேண்டாவா? அவளுக்கா டி.சி. குடுத்தீங்க? என் கிளாஸ்லயே கணக்குல அவதாங்க புலி!"

"கேட்டா... குடுத்தேன்."

"ஏன்னு கேட்டீங்களா?"

வரலட்சுமி இல்லை என்று தலையாட்டினாள். ஓட்டலில் ஒரு விருந்தாளி பாதியில் அறையைக் காலி செய்தால், சாவியை வாங்குவதற்கு முன்னால் என்ன குறை என்று கேட்டுவிடுவாள். இங்கே கேட்கவில்லை. கேட்டதைக் கொடுப்பதில் இருந்த ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

ஞானம்பாள்தான் விவரம் சொன்னாள். முதல் பீரியட் எப்போதும் தமிழ். வேண்டா தினமும் அது முடிகிற சமயத்துக்குத்தான் ஓடி வருவாளாம். அந்தப் பாடத்தில் வருகை குறைந்துவிட்டது. வருகை குறைந்தவர்களைப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது என்று அறிவிப்புப் பலகையில் பெயர் போட்டிருந்தார்கள். பிரின்சிபால் சிபாரிசு செய்தால் பல்கலைக்கழகம் சலுகை தரும். ஆனால் பரீட்சை எழுதுபவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே அவர் மெட்ராஸ் புறப்படுகிறார்.

வரலட்சுமி டப்பாவை மூடினாள். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நடந்தாள் என்றா சொன்னேன், ஓடினாள்.

மாமல்லபுரம் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் சடையப்பனுக்கு அவளை ஓட்டல் நாட்களிலிருந்தே தெரியும். அவள் ஏற்றிவிட்ட வெள்ளைக்காரர்களை எத்தனையோ தடவை கொண்டுபோய்ச் சேர்த்தவன்.

"இன்னா வரலட்சுமியம்மா, காலேஜ் உத்தியோகம் கசந்துபோச்சா? திரும்பவும் ஓட்டலுக்கே வந்துகினு கீறீங்க?"

"இல்ல அண்ணாத்த. ஒரு பொண்ணைத் தொலைச்சிட்டேன். தேடிப் போறேன்."

கொக்கிலமேட்டில் வேண்டாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவள் அம்மா ஆதியம்மாள் மணலில் உட்கார்ந்து காய்ந்த நெத்திலியைக் கூடையில் வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேண்டாவும் வாரிக்கொண்டிருந்தாள். வரலட்சுமியைப் பார்த்ததும் அந்தப் பெண் பதறி எழுந்தாள்.

"டி.சி.ல ஏதாவது தப்பா மேடம்?"

"தப்பு என்கிட்டதான். காலையிலயே கேட்டிருக்கணும். ஏன் போறே வேண்டா?"

வேண்டா குனிந்து கூடையை இழுத்துக்கொண்டாள். ஆதியம்மாள்தான் பொரிந்து தள்ளினாள்.

"இன்னாத்தச் சொல்றது? இருட்டோட எய்ந்து மொத பஸ்ஸப் புடிக்குது. அந்த பஸ் லேட்டாப் போனா எம் பொண்ணு இன்னா பண்ணும்? பறந்தா போவும்? பரீட்ச எய்தக்கூடாதுன்னுட்டாங்களாம். அப்பறம் இன்னாத்துக்கு அங்க போவணும்? அதான் எங்கூட கூடை தூக்கட்டும்னுட்டேன்."

"இதை யார்கிட்டயாவது சொன்னியா வேண்டா?"

"ஜன்னல்ல சொன்னேன் மேடம். நீங்க வர்றதுக்கு முன்னால, போன வருஷக் கடைசியில. சீக்கிரம் எழுந்து வான்னாங்க."

வரலட்சுமிக்குச் சுருக்கென்றது. "எங்கூட ஒரே ஒரு தடவை வா. பிரின்சிபால் முடியாதுன்னா நானே உன்னைத் திரும்பக் கொண்டுவந்து விடறேன்" என்றாள்.

ஆதியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். கல்லூரியிலிருந்து ஒருத்தி மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தன் வாசலுக்கு வந்து நிற்பது அவளுக்குப் புதுசு. "மொதல்ல துன்னு. அப்பால பேசிக்கலாம்" என்றாள். அன்று சமைத்த மீன் குழம்பின் ருசியிலேயே வரலட்சுமிக்குப் பாதி சம்மதம் கிடைத்துவிட்டது தெரிந்தது. ராத்திரி அங்கேயே தங்கினாள்.

விடிந்தும் விடியாமலும் இரண்டு பேரும் முதல் பஸ்ஸில் ஏறினார்கள். ஓட்டியவன் சடையப்பனேதான். வழியில் புத்தகப்பையோடு பையன்களும் பெண்களுமாக ஏறிக்கொண்டே வந்தார்கள். எல்லோரும் இவளுடைய கல்லூரிப் பிள்ளைகள்! பஸ் திருக்கழுக்குன்றத்தில் நின்றது. சடையப்பன் கதவைத் திறந்து இறங்கி, எதிரே இருந்த கடைக்குள் போய் உட்கார்ந்தான். பஸ் நின்றுகொண்டே இருந்தது. பிள்ளைகள் யாரும் அசையவில்லை. பழகிப்போனவர்கள் மாதிரி ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள்.

"எதுக்கு நிக்குது?" என்றாள் வரலட்சுமி.

"அவர் சாப்பிட்டு, அடுத்த ஊர் ஆளுங்க வந்து ஏறற வரைக்கும் நிக்கும் மேடம். தினமும் இப்படித்தான்."

வரலட்சுமி குதித்து இறங்கினாள். இலையில் இட்லி வடகறியோடு உட்கார்ந்திருந்த சடையப்பனின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாத்த, உங்க பஸ்ஸு கிளம்பற டைம் எப்போ?"

"அது ஆயிடுச்சும்மா. ஒரு வாய் நாஸ்தா துன்னுட்டு..."

"நீங்க துன்ற நேரத்தாலதான் இவங்களுக்கு அங்க ஆஜர் போயிடுது. இந்தப் பொண்ணு படிப்பே போச்சு. பஸ்ஸுக்குள்ள பாருங்க, இன்னும் எத்தனை பேர் படிப்பு போகக் காத்துகினு இருக்கு!"

சடையப்பன் வாயில் வைத்த இட்லியோடு பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாம்மா சொல்றே? இத்தினி நாளா ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லலயே! எம் பொண்ணும்தான் இஸ்கூலுக்குப் போவுது." இலையை மடித்தான். கையைக் கழுவினான். "ஏறு, ஏறு!"

அன்றைக்கு அந்த பஸ் போன போக்கை வரலட்சுமி வாழ்நாளில் மறக்கமாட்டாள். ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு, மாட்டு வண்டிகளை ஒதுக்கிக்கொண்டு, புளியமரங்கள் சரசரவென்று பின்னால் ஓட, பிள்ளைகள் "போடு அண்ணாத்த!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். வேண்டாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சடையப்பன் ஸ்டாண்டுக்குப் போவதற்கு முன்னால் கல்லூரி வாசலிலேயே வண்டியை நிறுத்தினான். மணி இன்னும் அடிக்கவில்லை. காம்பவுண்டுக்குள் பிரின்சிபாலின் கார் தயாராக நின்றுகொண்டிருந்தது.

கங்காதரன் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்திருந்தார். வரலட்சுமி மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னாள்.

"கொடுத்த டி.சி.யைத் திரும்ப வாங்கற வழக்கம் இங்க கிடையாதும்மா" என்றார் அவர். "நீங்க வந்ததிலேர்ந்து பாக்கறேன். இது ஓட்டல் இல்ல. மாணவர்கள் விருந்தாளிகளும் இல்ல. கேட்டதையெல்லாம் கொடுத்து அனுப்பறதுக்கா உங்களை வெச்சிருக்கேன்?"

"நேத்து நான் செஞ்சது அதுதான் சார். கேட்டா, குடுத்து அனுப்பிட்டேன். தப்புதான். ஆனா நல்ல ஓட்டல்ல அப்படிச் செய்யமாட்டாங்க சார். போறவங்களை நிறுத்தி, என்ன குறைன்னு கேப்பாங்க. இந்தப் பொண்ணு சோம்பேறியில்ல. மாமல்லபுரத்துலேர்ந்து வர்ற நம்ம பிள்ளைங்க எல்லாருக்கும் ஒரே பஸ். அது வழியில நின்னுடுது. நம்ம யாரும் கேக்கல."

ஞானம்பாள் வராந்தாவிலிருந்து இறங்கி வந்தாள். "சார், இவ பரீட்சை எழுதினா கணக்குல நம்ம காலேஜுக்கு நல்ல பேர் வரும். விட்டுப்போன தமிழ் வகுப்புக்கு மத்தியானத்துல உட்கார வைக்கறேன், தமிழய்யாகிட்ட நான் பேசறேன்."

கங்காதரன் வாசல் பக்கம் பார்த்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளைகள் கும்பலாக அங்கேயே நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சடையப்பன், காக்கிச் சட்டைக் கையை இழுத்துவிட்டபடி, "இனிமே நிக்காது சார்! நாஸ்தாவ வூட்லயே துன்னுட்டு வந்துடறேன்!" என்று குரல் கொடுத்தான்.

பிரின்சிபாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு காரிலிருந்து காலை வெளியே எடுத்தார்.

"பூவராகவன்! பலகையில போட்ட பட்டியலைக் கொண்டாங்க. பஸ்ஸால வருகை குறைஞ்சவங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே சிபாரிசா டைப் பண்ணுங்க. நான் காத்திருக்கேன்."

பூவராகவன் ஓடினார். அவர் ஓடிக் கல்லூரியில் யாரும் பார்த்ததில்லை. டைப்ரைட்டர் படபடக்க, வேண்டா இடுப்பில் செருகியிருந்த டி.சி.யை எடுத்து நீட்டினாள். கங்காதரன் அதை இரண்டாகக் கிழித்தார்.

பல்கலைக்கழகம் சலுகை தந்துவிட்டது. வேண்டா பரீட்சை எழுதினாள், கணக்கில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தாள், பி.எஸ்ஸி.க்கும் அங்கேயே சேர்ந்தாள். ஜூன் மாதம் அட்மிஷன் தொடங்குவதற்கு முன்னால் பூவராகவன் ஒரு தச்சனைக் கூட்டிவந்து, தானே பக்கத்தில் நின்று ஜன்னல் வலையைக் கழற்றவைத்தார். வரலட்சுமி ஆச்சரியத்தோடு பார்ப்பதைக் கண்டதும், "காத்து வரலம்மா, புழுக்கமா கீது" என்று சொல்லிவிட்டு, வெளியே வரிசையில் முதலாவதாக நின்ற பையனைப் பார்த்து, "உள்ள வாப்பா, உனக்கு இன்னா வேணும்?" என்றார்.