தட்டின் முதுகில் இருந்த உப்பு

எழுபத்தெட்டாம் வருஷச் சித்திரை. காலையிலேயே உப்பளத்தில் வெயில் ஏறிவிட்டிருந்தது. உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடக்கும்போது பேச்சித்தாய் ஒரு கண்ணை மட்டும் பாதி திறந்து வைத்திருந்தாள். கூடையிலிருந்து வடிந்த நீர் காதோரம் இறங்கிக் கழுத்துப் புண்ணில் எரிந்தது. குவியலில் கொட்டிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அளத்தின் மூலையைப் பார்த்துக்கொண்டாள். அங்கே கம்பிக் கால்கள் மேல் சாய்த்து வைத்த கண்ணாடித் தட்டின் நிழலில் அவள் புருஷன் இசக்கியப்பன் குத்தவைத்திருந்தான்.

"ஏளா பேச்சி, ஒங்க ஆபீசரு நெழலவிட்டு எந்திரிக்கவே மாட்டாரா?" என்று பின்னால் வந்த செல்லக்கிளி கேட்டாள்.

"எந்திரிச்சா கரண்டு போயிரும்ளா."

இசக்கியப்பன் மீசை முளைத்த நாளிலிருந்து உப்பு வாரியவன். அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்தே கண் மங்கிப்போனது. இனியும் பாத்தியில் நின்றால் மிச்சப் பார்வையும் போய்விடும் என்று பெரியாஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் ஏதோ ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் வந்து, வெயிலிலிருந்து கரண்டு எடுத்துச் சின்னப் பம்பு ஓட்டிப் பார்க்க அளத்தில் இடம் கேட்டார்கள். கரண்டு எடுக்கும் கண்ணாடித் தட்டைத் துடைத்துக் காவல் காக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. பேச்சித்தாய் கங்காணி சங்கரபாண்டியன் வீட்டுக்கு நடையாய் நடந்து, அவன் பெண்டாட்டிக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்து, அந்த நிழலைப் புருஷனுக்கு வாங்கித் தந்தாள்.

சின்ன என்ஜினீயர் ஜெயசிங் நாசரேத்துக்காரன், தன்மையானவன். "வெயில் வேணும் அண்ணாச்சி, சூடுதான் ஆகாது" என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தான். தட்டு சுட்டால் கரண்டு குறைந்துவிடுமாம். அதற்காகத் தட்டின் முதுகில் ஓர் இரும்புப் பெட்டியை ஒட்ட வைத்து, உள்ளே ஏதோ வெள்ளை உப்பை நிரப்பியிருந்தார்கள். பகலில் அது தட்டின் சூட்டை வாங்கிக்கொண்டு நெய் மாதிரி உருகும். ராத்திரியில் மறுபடி இறுகும். விடியலில் பெட்டியைத் தட்டினால் கல் சத்தம், உச்சிவேளையில் தட்டினால் தளும்பும் சத்தம். கண்ணுக்கு வேலையில்லாத காவல்.

"என் முதுகுக்கும் அப்படி ஒரு பொட்டி கேட்டு வாங்கித் தாரும்" என்றாள் பேச்சித்தாய் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில். இசக்கியப்பன் சிரித்தான். அவன் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வருவதற்கு முந்தின நாள், பெட்டி வெறும் தகரமாகச் சத்தம் கொடுத்தது. உப்புக்காற்று அடிமூலையைத் தின்று ஓட்டை போட்டிருந்தது. உருகியதெல்லாம் ஒழுகி மண்ணில் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. பேச்சித்தாய் வந்து பார்த்தபோது இசக்கியப்பன் அந்த மண்ணைக் கையால் தடவிக்கொண்டிருந்தான்.

"எம்மேலதாம்ளா சொல்லுவானுவ. திரும்பப் பாத்திக்கே அனுப்பிருவானுவ."

"உப்புதான போயிருக்கு? அதுக்கா நமக்குப் பஞ்சம்?"

குவியலின் உள்ளிருந்து மணிமணியாக வெளுத்ததாகப் பார்த்துக் கூடையில் அள்ளினாள். ஒரு கருப்புத் துகள் இல்லாமல் பொறுக்கினாள். ஓட்டையைத் தாரால் அடைத்து, பெட்டியை நிரப்பி, இருவருமாக மூடியைத் திருகினார்கள். உப்பில் தரம் பார்க்கத் தெரிந்தவர்கள். அளத்தில் இருந்ததிலேயே முதல் தரத்தைத்தான் போட்டிருந்தார்கள்.

மறுநாள் உச்சியில் மீட்டர் முள் இறங்கியது. பம்பு இருமி இருமி நின்றது. அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். தட்டின் சூட்டுக்கு உருகாமல் கிடந்த சாப்பாட்டு உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துவிட்டு, "என்ன ஜெயசிங், ஊறுகாய் போடுறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே இருந்த சரக்கை இசக்கியப்பன் விற்றுவிட்டு அள உப்பைத் திருடி அடைத்திருக்கிறான் என்று கங்காணி சொன்னதும் சிரிப்பு நின்றது.

"பொட்டி தானா இத்துப்போச்சுய்யா. அடியில பாருங்க" என்றாள் பேச்சித்தாய்.

ஜெயசிங் குனிந்து நகத்தால் தாரைச் சுரண்டினான். துருவேறிய ஓட்டைக்குள் அவன் விரல்நுனி போய் வந்தது. பேச்சித்தாய் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கைக்குட்டையில் விரலைத் துடைத்தான். அதிகாரியோடு இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டே ஜீப்பை நோக்கி நடந்தான்.

போலீசுக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால் இசக்கியப்பன் விடிந்ததும் பாத்தியில் இறங்க வேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டான்.

கொஞ்ச நாளில் ஜீப்பில் புதுப் பெட்டி வந்து இறங்கியது. இந்தத் தடவை இரும்பு இல்லை, கெட்டியான பிளாஸ்டிக். அதைப் பொருத்தி முடித்ததும் கங்காணியின் மச்சான் தட்டின் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தான்.

இசக்கியப்பன் கெண்டைக்கால் அளவு நீரில் நின்று பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தான். தலைத்துண்டை இறக்கிக் கண்களின் மேல் இறுக்கிக் கட்டியிருந்தான். கூடையோடு கடந்து போகும்போதெல்லாம் பேச்சித்தாய் "இங்கன வாரும், இன்னுங் கொஞ்சம்" என்று திசை சொன்னாள். அவள் குவியலுக்குப் போய்த் திரும்பும்வரை, அவன் பலகையைப் பிடித்தபடி அந்த வெள்ளையின் நடுவே அசையாமல் நின்றான்.