மூன்று பூட்டுக் கட்டடம்

பேகம்பூருக்குப் போகும் வழியில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும் அந்தத் தெருவுக்கு மறுபடி உயிர் கொடுக்கப் போகிறார்களாம். சுவரெல்லாம் மலைக்கோட்டைப் படம், சீரியல் பல்பு, ஞாயிற்றுக்கிழமை கடைகள். வியாபாரிகள் சங்கத் தலைவர் ராமர் ஓடியாடி வேலை பார்த்தார். நூலும் பட்டனும் விற்கும் அமலராணிக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. எதிரே இருந்த மூன்று பூட்டுக் கட்டடத்தில் பெயின்டர் செய்த காரியத்தைப் பார்த்ததும்தான் நேரே ராமரிடம் போய் நின்றாள்.

அது அண்ணன் தம்பி மூவரின் பொதுச் சொத்து. பாகம் பிரியவில்லை. ஒருவரை ஒருவர் நம்பாமல் ஆளுக்கொரு பூட்டைக் கதவில் தொங்கவிட்டிருந்தார்கள். திண்டுக்கல்லில் பூட்டுக்கா பஞ்சம்? மூவரும் சேர்ந்து வராமல் ஒரு செங்கல்லைத் தொட முடியாது. போன ஐப்பசியில் அதன் சன்ஷேடு பாதி பெயர்ந்து, மழைக்கு ஒதுங்கி நின்ற அவள் கணவர் சூசைமாணிக்கத்தின் தலையில் விழுந்தது. அடக்கத்துக்கு மூவரில் ஒருவர்கூட வரவில்லை. மீதிப் பாதி விரிசலோடு அப்படியே நின்றது. அந்த விரிசலில்தான் பெயின்டர் பட்டி பார்த்து ரோஸ் கலர் அடித்திருந்தார்.

"ராமரண்ணே, இடிக்கச் சொன்னேன். நீங்க பவுடர் போட்டு விட்டுருக்கீங்க."

"நான் என்னம்மா செய்ய? ஒருத்தர் போனை எடுத்தா இன்னொருத்தர் எடுக்க மாட்டேங்கிறாரு."

தெருவின் திறப்பு விழாவுக்கு மூவரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். கீழ்த்தளத்தைப் பிரியாணிக் கடைக்கு விடப் போகிறார்களாம். செத்தவனுக்காகச் சேராதவர்கள் வாடகைக்காகச் சேர்ந்துவிட்டார்கள்.

அமலராணி மூன்று நாற்காலிகளைக் கொண்டுபோய்ச் சன்ஷேடுக்கு நேர் கீழே போட்டாள்.

"வாங்க முதலாளி, இங்கன உக்காருங்க. நல்ல நெழலு."

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

"அப்ப, தெரிஞ்சுதான் இருந்திருக்கு" என்றாள்.

மூத்தவர் ராமரிடம் திரும்பி, "சேரை அங்கிட்டுத் தள்ளிப் போடச் சொல்லுங்கப்பா" என்றார், அவள் சொன்னது காதில் விழாததுபோல.

அவள் நடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இடிக்க ஆள் வரட்டும். எந்திரிக்கிறேன்."

"ஏம்மா, கூட்டம் பூரா பாக்குது" என்று ராமர் குனிந்து கெஞ்சினார்.

"நல்லாப் பாக்கட்டும்."

பிரியாணிக் கடை போட வந்தவரும் பார்த்தார். சன்ஷேடைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பைக்கை நோக்கி நடந்தார்.

அதன் பிறகுதான் இளையவர் போனை எடுத்தார். "கொத்தனாரே, சம்மட்டியோட இப்பவே வர முடியுமா?"

அமலராணி எழவில்லை. ஆள் இன்னும் வரவில்லையே.