சம்பந்தியின் கரண்ட் வண்டி

மருமகளுக்குச் சொன்ன தேதிக்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டது. செய்தி வந்தபோது மாமியாரான அவள் தன் மருந்துக் கடையில், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எந்த மாத்திரை பின் என்று ஒரு பெரியவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பொண்ணும்மா" என்றான் மகன் போனில். அதற்கு மேல் பேசினால் முன்னையும் பின்னையும் மாற்றிச் சொல்லிவிடுவோம் என்று பயந்து, பெரியவரைக் கடையில் வேலை செய்யும் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

மகன் இருந்த நகரம் மலைக்கு அந்தப் பக்கம். மழையில் மண் சரிந்து ரயில் பாதை மூடியிருந்தது. பஸ் ஓடியது. ஆனால் மலைப் பாதையில் பஸ் ஏறினால் அவளுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். கடையில் உள்ள அத்தனை வாந்தி மாத்திரையையும் போட்டுப் பார்த்தாயிற்று. ஊருக்கெல்லாம் கேட்கிற மருந்து அவளுக்கு மட்டும் கேட்பதில்லை.

"மாமா நாளைக்குக் காலையில கார்ல கிளம்புறாராம். முன் சீட்டுல உக்காந்தா உனக்கு ஒண்ணும் பண்ணாது. நீயும் வந்துடும்மா" என்றான் மகன்.

மாமா என்றால் அவனுடைய மாமனார், அவளுடைய சம்பந்தி. இரண்டு வருடமாக அவரோடு அவளுக்குப் பேச்சு கிடையாது.

சண்டை ஒரு ஃப்ரிட்ஜில் ஆரம்பித்தது. கல்யாணம் முடிந்து மகனும் மருமகளும் அந்த நகரத்துக்குக் குடிபோன மறுநாள், ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க சம்பந்தி அவள் வீட்டுக்கு வந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். எந்த யந்திரம் முனகினாலும் அவர் காது அந்தப் பக்கம் திரும்பிவிடும். அவள் குடிக்க ஏதாவது கொண்டுவரலாம் என்று உள்ளே போய்த் திரும்புவதற்குள், கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்து, பின் தகட்டைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். அடுத்தவர் வீட்டுப் பொருளில் கை வைக்கும் முன் கேட்க வேண்டும் என்று அவள் சொன்னாள். சொன்ன விதம் கொஞ்சம் காரமாகிவிட்டது. மனிதர் திருப்புளியை அப்படியே வைத்துவிட்டுப் போனவர்தான். அதன் பிறகு எல்லாப் பேச்சும் பிள்ளைகள் வழியாகத்தான்.

ஆனாலும் பேத்தி பேத்தியல்லவா. விடிந்ததும் பையோடு வாசலில் நின்றாள்.

கார் வந்ததே தெரியவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றவளின் முதுகுப் பக்கமாக வந்து நின்றது. சம்பந்தி இறங்கி, "வாங்க சம்பந்தியம்மா" என்று மட்டும் சொல்லிப் பையை வாங்கிப் பின்னால் வைத்தார். வாங்கி மூன்று மாதமே ஆன மின்சாரக் கார். அவர் மனைவி ஊருக்குள் போவதென்றால் அதில் ஏறுவாராம். ஊர் எல்லையைத் தாண்டச் சொன்னால், நடுவழியில் நின்றால் தள்ள என்னால் ஆகாது என்று சொல்லிவிடுவாராம். பிரசவத்துக்கு முன்பே பஸ்ஸில் கிளம்பிப் போய்விட்டார். ஆகவே இந்தக் கார் போகும் முதல் தூரப் பயணம் இது. அவள் அதை சீட் பெல்ட்டை மாட்டிய பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்து வேகம் பிடித்தார். திரையில் இரண்டு எண்கள் தெரிந்தன. ஒன்று பேட்டரியில் மிச்சம் எத்தனை சதவீதம் என்பது, இன்னொன்று இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகும் என்பது. பேச ஆள் இல்லாததால் அவள் அந்த எண்களோடு பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தாள். சாலையோரக் கல்லைப் பார்ப்பாள், எண்ணைப் பார்ப்பாள். ஐம்பது கிலோமீட்டர்தான் வந்திருந்தார்கள், எண்ணில் எழுபது குறைந்திருந்தது. மருந்துச் சீட்டில் எழுதியதற்கும் டப்பாவில் இருப்பதற்கும் கணக்கு ஒத்துவராவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்தவள் திறந்துவிட்டாள்.

"இந்த நம்பர் ஏன் ரோட்டை விட வேகமா ஓடுது?"

சம்பந்தி சட்டென்று திரும்பிப் பார்த்தார். அவள் பேசியதே அவருக்கு ஆச்சரியம், கேள்வி அதைவிட. ஊருக்குள் மெதுவாக ஓட்டிய பழக்கத்தை வைத்து வண்டி போட்ட கணக்கு அது என்றும், இங்கே வேகமாகப் போவதால் கூடுதலாகத் தின்கிறது என்றும் விளக்கினார். அப்படியானால் கொஞ்சம் மெதுவாகப் போனால் என்ன ஆகும் என்று கேட்டாள். பின்னால் வருகிறவன் திட்டுவான் என்றார். திட்டட்டும், பார்க்கலாம் என்றாள். அவர் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுத்தான் போனான். ஆனால் எண்ணும் கல்லும் ஏறக்குறைய ஒன்றாக நடக்கத் தொடங்கின. இருவரும் சேர்ந்து அதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள்.

மலையடிவாரத்து ஊரில் சார்ஜ் போடுவதாகத் திட்டம். அங்கே போய்ச் சேர்ந்தால், இருந்த இரண்டு இயந்திரங்களில் ஒன்றின் திரை கறுத்துக் கிடந்தது. இன்னொன்றில் ஒரு பச்சைக் கார் மாட்டியிருந்தது. அது எப்போதோ நிறைந்துவிட்டது என்று விளக்கு சொன்னது. கழற்றுவதற்குத்தான் ஆள் இல்லை. பூட்டிய காரிலிருந்து வேறொருவர் ஒயரை எடுக்கவும் முடியாது. சம்பந்தி இயந்திரத்தில் ஒட்டியிருந்த எண்ணைக் கூப்பிட்டார். பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து மறுபடி அதே பாட்டு வந்தது.

கையிருப்பு மலையேறப் பற்றாது. அடுத்த சார்ஜ் நிலையம் மலைக்கு அந்தப் பக்கத்தில். சம்பந்தி கறுத்துக் கிடந்த இயந்திரத்தையே பார்த்தபடி நின்றார். அவர் விரல்கள் துறுதுறுத்தன. "அதைத் திறக்கப் போறீங்களா?" என்று அவள் கேட்டாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் பச்சைக் காரின் கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள். பின் சீட்டில் ஒரு சட்டை, பேன்ட், மடித்து வைத்த சாக்ஸ். கீழே ஷூ. ஒரு மனிதன் கழற்றக்கூடிய எல்லாம் காரில் இருக்கிறது, மனிதனைக் காணோம். அப்படியென்றால் அவன் எங்கே இருப்பான்? சுற்றிலும் பார்த்தாள். ஒரு பாத்திரக் கடை, ஒரு வங்கி, தபால் நிலையம், அதற்கு அப்பால் நீல வண்ணம் அடித்த ஒரு நீளக் கட்டடம். அதன் வாசல் ஈரமாக இருந்தது. அவள் நேராக அங்கே நடந்தாள். டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் கார் எண்ணைச் சொன்னாள். அந்தப் பெண் மைக்கில் கூப்பிட்டதும், நீச்சல் குளத்திலிருந்து ஒரு தலை எழும்பியது.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த மனிதர் ஓடிவந்தார். ஆயிரம் மன்னிப்புக் கேட்டார். ஓடு விற்பனை செய்கிறவராம், வாரா வாரம் இந்த மலையைக் கடப்பவராம். முதலில் இங்கே காத்திருப்பது எரிச்சலாக இருந்ததாம், பிறகு நீச்சல் கற்றுக்கொண்டாராம். இப்போது நேரம் போவதே தெரிவதில்லை, அதனால் வந்த வினை இது என்றார். அவள் அவரைச் சும்மா விடவில்லை. மலை எவ்வளவு தின்னும், மழையில் எவ்வளவு, எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏன் அவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். குளிரில் நடுங்கிக்கொண்டே அவர் பதில் சொன்னார். எண்பதோடு கிளம்பிவிடுங்கள், மீதிக்காக நின்றால் வீண் நேரம் என்றார் கடைசியாக.

சார்ஜ் ஏறும்வரை இருவரும் அருகிலிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பது பேசுவதை விடக் கஷ்டமாக இருந்தது.

"அன்னைக்கு அந்த ஃப்ரிட்ஜ்ல என்னதான் சத்தம்?" என்றாள்.

"உள்ள காத்தாடியில ஒரு பாட்டில் மூடி சிக்கியிருந்துச்சு. எடுத்துட்டேன். தகட்டை மாட்டத்தான் நேரம் கிடைக்கலை."

தகட்டை மாட்ட வந்த ஆள்தான் சத்தத்தையும் சரிசெய்தான் என்று அவள் இதுவரை நினைத்திருந்தாள்.

"அந்தச் சத்தம் எனக்குத் தொந்தரவா இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே, சம்பந்தி. பையன் குடிபோன மறுநாள் அது. வீட்டுல சத்தம்னு இருந்ததே அந்த ஒண்ணுதான்."

சம்பந்தி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். இப்படி ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"கேட்டிருக்கணும்" என்றார்.

"கேட்டிருந்தா நான் மட்டும் சொல்லியிருப்பேனா? சரி விடுங்க" என்றாள். பெஞ்சில் உட்காருவது அதன் பிறகு சுலபமாக இருந்தது.

மலையில் மழை பிடித்துக்கொண்டது. வளைவுக்கு வளைவு லாரிகள் ஊர்ந்தன. சதவீதம் கண்ணெதிரே இறங்கியது. போகக்கூடிய தூரம் என்ற எண், போக வேண்டிய தூரத்துக்கும் கீழே விழுந்துவிட்டது. சம்பந்தி உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். ஏசியை அணைத்தார்கள். உடனே கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்தது. அவள் கைப்பையிலிருந்து பஞ்சுச் சுருளை எடுத்து, முன்னால் சாய்ந்து, அவர் பக்கத்தையும் தன் பக்கத்தையும் துடைத்துக்கொண்டே வந்தாள். வயிறு புரட்ட வேண்டிய வளைவுகள் எல்லாம் வந்து போயின. துடைக்கிற வேலையில் வயிற்றை நினைக்க அவளுக்கு நேரம் இல்லை.

"இப்ப இது போட்டிருக்கிற கணக்கு ஏறி வந்த வழியை வச்சுத்தானே?" என்று கேட்டாள்.

"ஆமா."

"உச்சி வந்துட்டா அப்புறம் இறக்கம். அது இதுக்குத் தெரியுமா?"

சம்பந்தி ஒரு வளைவு முழுக்க யோசித்தார். பிறகு அவர் முகம் மெல்லத் தெளிந்தது. அவருடைய புதிய லிஃப்ட்கள் சிலவற்றில் ஆள் நிறையக் கீழே இறங்கும்போது மோட்டார் கரண்டை இழுக்காது, திருப்பிக் கொடுக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார். இந்த வண்டிக்கும் அதே குணம்தான், ஊருக்குள் மேடு பள்ளம் இல்லாததால் தான் பார்த்ததில்லை என்றார். இருபது வருடம் லிஃப்டோடு குடித்தனம் நடத்தியும் தனக்கு இது தோன்றவில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் வெட்கம். எனக்குந்தான் கேட்கத் தோன்றியதே தவிரப் பதில் தெரியாதே என்றாள் அவள். உச்சிவரை ஓடுமா என்பதுதான் இப்போது கேள்வி.

ஓடியது. உச்சியில் ஒரு கோபுரம் போல நின்ற செல்போன் கம்பத்தைத் தாண்டியதும் சாலை முன்பக்கம் கவிழ்ந்தது. பதினொரு சதவீதம் மிச்சம். சம்பந்தி காலை எடுத்தார். வண்டி தானே பிடித்துப் பிடித்து இறங்கியது. முதல் சில வளைவுகளில் எண் அசையவில்லை. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். பதினொன்று பன்னிரண்டு ஆனது. அவள் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பதின்மூன்று ஆனது.

"ஏறுது" என்றாள், பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல மெல்லிய குரலில்.

அடிவாரம் வரும்போது பதினாறு. ஏறும்போது தின்றதில் பத்தில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை என்று கணக்குப் பார்த்தாள். ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். எதிரே வந்த சார்ஜ் நிலையத்தில் நான்கு இயந்திரங்களும் காலியாக நின்றன. ஒன்றில் பணம் கட்டும் செயலி அவள் போனில் வேலை செய்தது, அவர் போனில் செய்யவில்லை. ஏன் என்று இருவருக்கும் புரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். காலை பஸ்ஸைப் பிடித்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருக்கலாம் என்று மகன் சொல்லிக்காட்டினான். குழந்தை உருண்டையாகத் துணிக்குள் தூங்கியது. அவள் கையைக் கழுவிவிட்டு வந்து தூக்கிக்கொண்டாள். இவ்வளவு கனமில்லாத ஒன்று இவ்வளவு சூடாக இருக்குமா என்று அவளுக்கு அதிசயமாக இருந்தது. சம்பந்தி பக்கத்தில் நின்று ஒரு விரலால் அதன் உள்ளங்காலைத் தொட்டார். தொடுவதற்கு முன் அவளை ஒரு தரம் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

"வழியில கஷ்டமா இருந்துச்சா அத்தை?" என்று மருமகள் கேட்டாள்.

"இல்லை" என்றார் சம்பந்தி.

"இருந்துச்சு" என்றாள் அவள் அதே நேரத்தில். பிறகு, கடையில் மருந்து விளக்குகிற நிதானத்தோடு சொன்னாள்: "அவசரத்துக்கு இது ஆகாது. எங்க நிக்கணும், அங்க கரண்ட் இருக்கான்னு பார்க்காம கிளம்பினா மாட்டிக்குவோம்." சம்பந்தியின் முகம் வாடியது. "ஆனா தூரம் போகவே போகாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நான் உக்காந்து பார்த்தவ சொல்றேன்."

மருமகள் தன் கணவனைப் பார்த்தாள். இவர்கள் இருவரும் எப்போதிலிருந்து பேசுகிறார்கள் என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அவனுக்கும் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஊர் திரும்ப டிக்கெட் எடுக்கட்டுமா என்றான் மகன். அவள் வேண்டாம் என்றாள். மழை இல்லாத நாளில் அதே மலை எவ்வளவு தின்னும் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. இந்த முறை சம்பந்தியின் மனைவியும் வந்தார். தள்ள மாட்டேன் என்பதை ஒரு தடவை நினைவுபடுத்திவிட்டுப் பின் சீட்டில் படுத்து உறங்கிப்போனார்.

வெயிலில் ஏறினார்கள். சாலையில் கூட்டமும் இல்லை. ஆனாலும் போன முறையை விடக் கொஞ்சம் கூடுதலாகவே தின்றிருந்தது. இந்தப் பக்கம் ஏற்றம் செங்குத்தாக இருக்குமோ என்றாள் அவள். டயரில் காற்று குறைவாக இருக்கலாம் என்றார் அவர். பிறகு பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இந்த வாட்டி ஒரு ஆள் ஜாஸ்தியில்ல?" என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினாள்.

"காது கேக்குது" என்றது பின் சீட்டு, கண்ணைத் திறக்காமல்.