எழுத்துக்கும் தாலிக்கும் நடுவே

உதயகலாவுக்குக் கல்யாணம் நடந்தது தை மாதத்தில், இணுவில் கந்தசாமி கோயிலில். அதற்கு முந்திய ஆனியில் எழுத்து நடந்தது. பதிவாளர் வீட்டுக்கு வந்தார், இருவரும் கையெழுத்து வைத்தார்கள், வந்த சனம் கேக்கும் சோடாவும் எடுத்துக்கொண்டு போனது. அடுத்த கிழமையே மாப்பிள்ளை கேதீஸ்வரன் வெளிநாட்டுக்கு விமானம் ஏறிவிட்டான். எழுத்து முடிந்த பெண் தாலி ஏறும்வரை தாய்வீட்டில்தான் இருப்பாள். யாழ்ப்பாணத்தில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தூதரகத்துக்கு விளக்கப் போய்த்தான் அவள் மாட்டுப்பட்டாள்.

கேதீஸ்வரன் பத்து வயதில் தாய் தகப்பனோடு ஐரோப்பாவுக்குப் போய், அங்கே ஒரு குளிர்தேசத்தில் வளர்ந்து, அந்நாட்டுப் பிரசையானவன். எந்த நாடென்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் மற்ற நாடுகளெல்லாம் நல்லவை என்று நீங்கள் நினைத்துவிடக்கூடும். தைமாதக் கல்யாணத்துக்கு வந்தவன் பிறகு இணுவிலிலேயே தங்கி, வீட்டுக் கூரைகளுக்குச் சோலர் பூட்டும் தொழில் தொடங்கினான். தொழில் பிழையில்லாமல் ஓடியது. என்றாலும் மகள் நிவேதனா பிறந்ததும் அவளையும் அந்நாட்டுப் பிரசையாகப் பதிந்துவிட வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றான்.

"இந்த நாட்டை நம்பேலாது கலா. நாளைக்கு ஏதும் நடந்தா பிள்ளை ஏறிப்போக ஒரு பாஸ்போட் இருக்கவேணும்."

அவளுக்கும் அது சரியாகவே பட்டது. யுத்தகால இடப்பெயர்வில், தென்மராட்சிப் பள்ளிக்கூடமொன்றில் பிறந்தவள் அவள். ஓடிப்போக ஓர் இடம் இருப்பதன் அருமை அவளுக்குத் தெரியாதா என்ன?

விண்ணப்பத்தில் திருமணத் திகதி கேட்டிருந்தார்கள். கேதீஸ்வரன் யோசிக்காமல் தாலி கட்டிய திகதியை எழுதினான். கூட இணைத்த பதிவுச் சான்றிதழிலோ ஆனித் திகதி இருந்தது. பிடித்தது சனியன். மாதக்கணக்காக ஒரு மறுமொழியும் இல்லை. மின்னஞ்சல் போட்டால் இயந்திரம் நன்றி சொன்னது. தொலைபேசி எடுத்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. கடைசியில், விசாரணைக்குக் கொழும்புக்கு வரும்படி இருவருக்கும் அழைப்பு வந்தது.

அங்கே கணவனை வெளியில் இருத்திவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண்.

"உங்களுக்குத் திருமணம் எப்போது நடந்தது?"

"தை மாதம்."

"சான்றிதழில் ஜூன் என்று இருக்கிறதே?"

"அது எழுத்து."

"ஜூனுக்குப் பிறகு கணவரோடு சேர்ந்து வாழ்ந்தீர்களா?"

உதயகலாவுக்குச் சுருக்கென்றது. இது என்ன கேள்வி! நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "இல்லை. தாலி கட்டாமல் என்னெண்டு சேர்ந்திருக்கிறது? அவர் வெளிநாட்டுக்குப் போயிட்டார். நான் அம்மாவோடைதான் இருந்தனான்."

அந்தப் பெண் அதை மொழிபெயர்த்தாள். அதிகாரி தட்டச்சு செய்தார், செய்தார், செய்துகொண்டே இருந்தார். அவள் சொன்னது அவ்வளவு நீளமில்லை.

"குழந்தை முன்கூட்டியே பிறந்ததா?"

"ஓம். ஒரு மாதம் முந்தி. இந்தாங்கோ, கிளினிக் கொப்பி."

கொப்பியை அவர் தொட்டும் பார்க்கவில்லை.

கடிதம் இணுவிலுக்கு வந்தது. திருமணம் பற்றிய தகவல்கள் முரண்படுகின்றனவாம். தந்தை ஜனவரியில்தான் இலங்கைக்குள் வந்திருக்கிறாராம், குழந்தையோ செப்டெம்பரிலேயே பிறந்துவிட்டதாம். ஆகவே குழந்தையின் தகப்பன் இவர்தான் என்று டீ.என்.ஏ. பரிசோதனையால் நிரூபிக்க வேண்டுமாம். ஒழுங்காக இருந்தேன் என்று ஒரு பெண் வாய்திறந்து சொன்னதற்கு அரசாங்கம் ஒன்று கொடுத்த பரிசு அது. வாசித்துவிட்டு அதைக் கணவனிடம் நீட்டினாள்.

கேதீஸ்வரன் கொதித்தெழுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவனோ கடிதத்தை மடித்து வைத்தான்.

"நீர் ஏன் உந்த விளக்கமெல்லாம் குடுத்தனீர்? சேர்ந்து இருந்தனாங்கள் எண்டு சொல்லியிருக்கலாம்தானே."

"கேட்டதுக்கு உண்மையைச் சொன்னனான்."

"சரி, விடும். ரெஸ்ற்தானே, செய்துபோட்டுப் போவம்."

திரும்பவும் கொழும்பு. கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தார்கள். நிவேதனா வீரிட்டு அழுதாள்.

அதற்குப் பிறகுதான் உதயகலா அதைக் கவனித்தாள். முன்பெல்லாம் வேலையால் வந்ததும் கை கழுவ முதலே பிள்ளையைத் தூக்குகிற மனுசன். அவள் எத்தனை தரம் அதற்காகப் பேசியிருப்பாள். இப்போது கை கழுவினான், குளித்தான், சாப்பிட்டான், தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை கை நீட்டினால், "தடிமன் கலா, பிள்ளைக்குத் தொத்திப்போடும்" என்றான். தும்மல் ஒன்றையும் அவள் கேட்கவில்லை. ஒரு பின்னேரம், தூங்கும் பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் தன் தொலைபேசியை அவன் பிடித்திருந்ததைக் கண்டாள். திரையில் அவனுடைய குழந்தைக்காலப் படம். தமக்கை கஜந்தினியிடம் கேட்டு எடுத்திருக்கிறான். அவளைக் கண்டதும் திரையை அணைத்தான். ஏனென்று கேட்டால் அவன் ஏதாவது சொல்லிவிடுவானே என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

முடிவு மின்னஞ்சலில் வந்தது. கேதீஸ்வரன் குசினிக்குள் ஓடிவந்து, பாயில் இருந்த பிள்ளையை வாரியெடுத்து, மாறி மாறிக் கொஞ்சினான்.

"பாரும் கலா, ஒப்புக்கொண்டிட்டாங்கள்! என்ரை பிள்ளைதான் எண்டு எழுதியே தந்திட்டாங்கள்."

உதயகலா அடுப்பை அணைத்தாள்.

"தடிமன் மாறிட்டுதோ?"

அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"இல்லை... அது வந்து..."

"தூதரகத்து ஆக்களிலை எனக்குக் கோவமில்லை. கண்ணாடிக்கு அங்காலை இருந்து ஒருக்காத்தான் என்னைப் பார்த்தவை. நீங்கள் என்னோடை ஒரே பாயிலை படுக்கிறனீங்கள்." பிள்ளையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"விடும் கலா, அதுதான் எல்லாம் சரிவந்திட்டுதே. இனிப் பாஸ்போட்டுக்கு ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கவேணும்."

"வைக்கிறன். பிள்ளைக்காண்டி வைக்கிறன். ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. எங்கையோ பிழை நடந்து, உங்கடை பிள்ளை இல்லை எண்டு அந்தக் கடிதம் வந்திருந்தா, நீங்கள் ஆரை நம்பியிருப்பியள்?"

கேதீஸ்வரன் யோசித்தான்.

அவன் யோசித்து முடிக்கும்வரை அவள் அங்கே நிற்கவில்லை.